கிஸோ மலைப்பாதையில் இலையுதிர் காலம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்தவர்கள் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இந்த ஆறினுள் இலையுதிர் காலம் என்ற பெயரில் ஒரு பருவம் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர் காலம், குளிர்நாட்டாரின் இலையுதிர் காலத்தோடு மாதக் கணக்கில் ஓரளவு ஒத்துவரும். ஆனால் கூதிர் என்றதும் நம் நெஞ்சில் எழுவது மழையும் வாடைக்காற்றுமே அன்றி, உதிரும் இலைகள் அல்ல. நமது மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் வறட்சிக்கு அஞ்சி. குளிர்நாட்டு மரங்கள் இலை உதிர்ப்பது உறைபனிக்கு அஞ்சி. ஆகவே பிறநாட்டு இலக்கியங்களில் இலையுதிர் காலம் என்று வரும்போது, அச்சொல்லுக்குப் பின்னே இருக்கும் நிலத்தையும் மலையையும் மனிதரையும் நாம் சற்று முயன்றுதான் காணவேண்டியிருக்கின்றது.

அந்த முயற்சிக்கு இன்று ஒரு மலைப்பாதையைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். யப்பான் நாட்டின் நடுப்பகுதியில், கிஸோ பள்ளத்தாக்கில், மாகொமே என்ற ஊரிலிருந்து ட்சுமாகொ என்ற ஊருக்குச் செல்லும் பாதை அது. அதன் நீளம் ஏறத்தாழ 8 கிலோமீற்றர். ஏறத்தாழ 800 மீற்றர் உயரமுள்ள ஒரு கணவாயைக் கடந்து செல்கின்றது. நிதானமாக நடப்பவருக்கு மூன்று மணி நேரம் போதும். ஆனால் இந்த மூன்று மணி நேரப் பாதைக்குள் யப்பானிய இலக்கியத்தின் இரண்டு பெரிய ஆளுமைகள் நடமாடுகிறார்கள். ஒருவர் பதினேழாம் நூற்றாண்டின் கவிஞர் மட்சுவோ பாஷோ. மற்றவர் இருபதாம் நூற்றாண்டின் நாவலாசிரியர் ஷிமாஸாகி டோசொன்.

முதலில் பாதையின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று டோக்கியோ எனப்படும் நகரம் அன்று எடோ என வழங்கிற்று. ஷோகுன் என்னும் படைத்தலைவரின் ஆட்சிபீடம் எடோவில். பேரரசரின் அரண்மனை கியோட்டோவில். இந்த இரு நகரங்களையும் இணைக்கப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு பெருவழிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. ஒன்று கடலோரமாகச் சென்றது. மற்றது மலைகளினூடே சென்றது. மலைவழியின் பெயர் நகசெண்டோ. 'நடு மலைப் பாதை' என்பது அதன் பொருள். ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட அவ்வழியில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. அவற்றுள் பதினொன்று கிஸோ பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. மாகொமேயும் ட்சுமாகொவும் அந்தப் பதினொன்றுள் அடங்கும்.

பாஷோ இந்தக் கிஸோ வழியில் நடந்தது 1688ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில். யப்பானிய மரபில் எட்டாம் மாதத்து முழுமதி மிகச் சிறப்புடையது. அந்த மதியைச் சரஷினா என்னும் மலைநாட்டில், ஓபசுதே என்ற மலையின் மேல் காணவேண்டுமென்று அவர் ஆசைகொண்டார். ஓபசுதே என்றால் 'முதியவளைக் கைவிட்ட மலை' என்று பொருள். வயது முதிர்ந்த பெண்களை அம்மலைக்குச் சுமந்துசென்று விட்டுவிட்டு வரும் கொடிய வழக்கம் பற்றிய பழங்கதை ஒன்று அப்பெயரின் பின்னே இருக்கின்றது. அழகிய நிலவைக் காணச் சென்ற கவிஞர், கைவிடப்பட்ட ஒரு முதியவளின் துயரத்தையும் சேர்த்தே காணச் சென்றார் என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'சரஷினா கிக்கோ' மிகச் சிறிய நூல். அதில் ஒரு காட்சி வருகின்றது. வழியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு துறவி, சுமையால் முதுகு வளைந்து, மூச்சுவாங்கியபடி நடந்துவருகிறார். பாஷோவுடன் சென்றவர்கள் இரக்கப்பட்டு அவரது சுமையை வாங்கித் தங்கள் சுமைகளோடு குதிரையில் ஏற்றிக் கட்டுகிறார்கள். தலைக்கு மேலே மலைகள். காலடியில் ஆழத்தில் ஆறு. பாஷோவுக்குக் குதிரைமேல் இருக்கவே அச்சமாக இருக்கின்றது. இறங்கி நடக்கிறார். ஆனால் உடன்வந்த பணியாளோ அதே குதிரையின் முதுகில் ஏறி உறங்கத் தொடங்கிவிடுகிறான். பல தடவை விழப்போகிறான், விழவில்லை. பின்னால் நடந்து வரும் கவிஞருக்கு நெஞ்சு பதறுகின்றது. நிலையற்ற இவ்வுலகில் தடுமாறும் உயிர்களைப் புத்தர் பார்க்கும்போதும் இப்படித்தான் இருக்குமோ என்று அவர் எண்ணுகிறார்.

நேயர்களே, இந்தக் காட்சியில் செந்நிற இலைகள் இல்லை. மலையழகு பற்றிய வருணனை மிகக் குறைவு. ஒரு முதியவரின் சுமையும், ஒரு பணியாளின் உறக்கமும், அதைக் கண்டு பதறும் ஒரு மனமும்தான் இருக்கின்றன. மலைப்பாதையில் நடக்கும் கவிஞனின் கண் முதலில் எங்கே போகின்றது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி நாமும் மாகொமேயிலிருந்து புறப்படுவோம். ஊர் மலைச்சரிவில் அமைந்தது. கல் பாவிய தெரு செங்குத்தாக ஏறுகின்றது. ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் இங்கே மரங்கள் நிறம் மாறும். மேப்பிள் மரத்தின் சிவந்த இலையை யப்பானியர் 'மொமிஜி' என்பர். அதைக் காணப் போவதற்கு 'மொமிஜிகாரி' என்று பெயர். செவ்விலை வேட்டை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். வேட்டை என்றாலும் கையில் வில் இல்லை; கண்தான் கருவி.

நிறம் மாறுவதற்குரிய காரணத்தையும் சுருக்கமாகச் சொல்லலாம். பகல் குறுகிக் குளிர் ஏறும்போது மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலிருக்கும் சத்துக்களைக் கிளைக்கும் தண்டுக்கும் திரும்ப எடுத்துக்கொள்கின்றது. பச்சை மறையவே, முன்னரே இலையில் மறைந்திருந்த மஞ்சள் வெளித்தெரிகின்றது. சிவப்பு அப்படியல்ல, அது இலையில் எஞ்சும் சர்க்கரையிலிருந்து அப்பருவத்தில் புதிதாக உண்டாவது. பகல் தெளிந்து, இரவு குளிர்ந்தால் சிவப்பு நன்றாகக் கூடும். உதிர்வதற்குச் சற்று முன்னர் இலை புதிதாக ஒரு நிறத்தை ஆக்கிக்கொள்கின்றது என்பது விஞ்ஞானம் சொல்லும் செய்திதான். என்றாலும் கவிதை போலவே இருக்கின்றது.

ஊர் எல்லையைக் கடந்ததும் பாதை காட்டுக்குள் நுழைகின்றது. இடையிடையே வெண்கல மணிகள் கம்பத்தில் தொங்கும். கரடிகள் உலவும் காடு ஆதலால், நடப்பவர்கள் மணியை அடித்து ஒலியெழுப்பிச் செல்லவேண்டும். மணியோசை அடங்கியதும் நீரோசை மட்டும் எஞ்சும். காலடியில் காட்டுக் கொட்டைகளும் சருகுகளும் கிடக்கும். செவ்விலை மரங்களுக்கிடையே, எப்பருவத்திலும் பசுமை மாறாத உயர்ந்த மரங்கள் நேராக நிற்கும். ஹினோக்கி என்ற சைப்பிரஸ் இன மரமே அவற்றுள் தலையாயது. மென்மையான நறுமணம் கொண்டது, வைரம் பாய்ந்தது. இசே என்னுமிடத்திலுள்ள பெரும் ஷிண்டோ ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவது யப்பானிய மரபு. 2013ஆம் ஆண்டு அது 62ஆவது முறையாகக் கட்டி முடிக்கப்பட்டது. அத்திருப்பணிக்குக் கிஸோவின் ஹினோக்கி பன்னெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது.

இத்துணைச் சிறப்புடைய மரம் அருகில் வாழ்ந்த மக்களுக்கு உதவியதா என்று கேட்டால், விடை வேறுவிதமாக இருக்கின்றது. கணவாயைக் கடந்து ட்சுமாகொ பக்கம் இறங்கும்போது, வழியருகே ஒரு பழைய தேநீர் இல்லம் இருக்கின்றது. நடப்பவர்களுக்கு அங்கே இன்றும் இலவசமாகத் தேநீர் வழங்குகிறார்கள். அந்த இல்லத்தின் அயலில்தான் முன்னாளில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. மனிதர்களைச் சோதிக்கும் சாவடி அல்ல, மரத்தைச் சோதிக்கும் சாவடி. 1749ஆம் ஆண்டிலிருந்து 1869ஆம் ஆண்டுவரை அவ்விடத்தில் அது இயங்கிற்று. கிஸோவிலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு மரத்துண்டுக்கும் அனுமதி முத்திரை இருக்கின்றதா என்று அங்கே பார்த்தார்கள்.

காரணம் இதுதான். கிஸோவின் காடுகள் 1615ஆம் ஆண்டு முதல் ஓவாரி என்னும் பெருங்குறுநிலத் தலைமையின் வசம் இருந்தன. கோட்டைகளுக்கும் நகரங்களுக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடு மெலிந்தது. 1665இல் காட்டின் பல பகுதிகள் மூடப்பட்டன. 1708இல் ஹினோக்கி முதலிய மரங்களை வெட்டுவதற்கே தடை வந்தது. பின்னர் மொத்தம் ஐந்து வகை மரங்கள் அத்தடைக்குள் அடங்கின. ஒரு மரத்துக்கு ஒரு தலை, ஒரு கிளைக்கு ஒரு கை என்பது அந்நாளைய தண்டனையைப் பற்றி அப்பகுதியில் வழங்கிவரும் பேச்சு. விளைநிலம் குறைந்த பள்ளத்தாக்கு. வீட்டைச் சுற்றிலும் மரம். ஆனால் அந்த மரத்தைத் தொடமுடியாது. அத்தடை இருந்திராவிட்டால் இன்று நாம் வியக்கும் காடு எஞ்சியிருக்காது என்பதும் உண்மை. காட்டின் பசுமைக்கு விலை கொடுத்தவர்கள் அக்காட்டில் வாழ்ந்தவர்கள் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சுமக்கவேண்டியிருக்கின்றது.

இந்த இடத்தில்தான் ஷிமாஸாகி டோசொன் நமக்கு வழித்துணையாகிறார். அவர் 1872ஆம் ஆண்டு மாகொமேயில் பிறந்தவர். 1897இல் வெளிவந்த 'வகனஷு' என்ற கவிதைத் தொகுதி மூலம் யப்பானின் புதுக்கவிதை முன்னோடிகளுள் ஒருவராக அறியப்பட்டவர். 1906இல் 'ஹகாய்' என்ற நாவல் மூலம் இயற்கைவாத எழுத்துக்கு வழிவகுத்தவர். அவருடைய தந்தையார் ஷிமாஸாகி மசாகி, மாகொமேயின் 'ஹொன்ஜின்' தலைவர். பிரபுக்களும் பெரிய அதிகாரிகளும் தங்கும் இல்லமே ஹொன்ஜின். அந்தக் குடும்பமே ஊர்த் தலைமையையும், சுமைகாரரையும் குதிரைகளையும் ஒழுங்குபண்ணும் பொறுப்பையும் வகித்தது. டோசொனின் தாயார் கணவாய்க்கு அப்பால், ட்சுமாகொவின் ஹொன்ஜின் குடும்பத்திற் பிறந்தவர். நாம் நடக்கும் பாதை அவர் மணமகளாய் வந்த பாதையுமாகும்.

டோசொன் தமது 57ஆவது வயதில், 1929ஆம் ஆண்டு, 'யோஅகெ மாயெ' என்ற பெரு நாவலைச் 'சூவோ கோரொன்' என்ற சஞ்சிகையிலே தொடராக எழுதத் தொடங்கினார். 'விடியலுக்கு முன்' என்பது அப்பெயரின் பொருள். 1935இல் அது முற்றுப்பெற்றது. 1987ஆம் ஆண்டு வில்லியம் நாஃப் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், யப்பானிய மொழி அறியாதோருக்கும் அது எட்டக்கூடியதாயிற்று. கதைத்தலைவன் அவோயாமா ஹன்ஸோ, ஆசிரியரின் தந்தையை மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்டவன். மாகொமேயில் அடுத்த வீட்டார் ஒருவர் பல்லாண்டுகளாக எழுதிவைத்திருந்த நாட்குறிப்பு டோசொனுக்குப் பெரிதும் உதவிற்று. ஆகவே இந்த நாவலில் வரலாறு தலைநகரிலிருந்து வரவில்லை. வாசலில் நின்று பாதையைப் பார்த்திருந்த ஓர் ஊரின் கண்களிலிருந்து வருகின்றது.

1861ஆம் ஆண்டின் இலையுதிர் காலக் கடைசியில், பேரரசரின் தங்கையான இளவரசி கஸுநோமியா, ஷோகுனை மணப்பதற்காக இந்த மலைவழியாகவே எடோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பல்லாயிரம் பேர் கொண்ட ஊர்வலம் அது. அவ்வாறான ஊர்வலங்களுக்குச் சுமை தூக்கவும் குதிரை கொடுக்கவும் அயற் கிராமங்கள் கடமைப்பட்டிருந்தன. அறுவடையும் குளிர்கால ஆயத்தமும் நெருக்கும் பருவத்தில் வயலை விட்டுப் பாதைக்கு ஓடவேண்டிய குடியானவர்களின் அவலத்தை டோசொன் ஆரவாரமின்றிச் சொல்கிறார். சிவந்த இலை விழும் அதே பாதையில்தான் அவர்களின் வியர்வையும் விழுந்தது.

ஹன்ஸோ நல்லவன், படித்தவன். பழைய யப்பானிய நூல்களின் வழியே நாட்டைப் புதுப்பிக்கலாம் என்று நம்பிய அறிஞர் குழுவின் கொள்கையில் ஊறியவன். ஷோகுன் ஆட்சி வீழ்ந்து 1868இல் பேரரசரின் ஆட்சி மீண்டபோது, விடிந்துவிட்டதென்று அவன் மகிழ்கிறான். மூடிய காடுகள் குடிமக்களுக்குத் திறக்குமென்று எதிர்பார்க்கிறான். நடந்தது நேர்மாறு. புதிய அரசாங்கத்தின் அதிகாரிகள் முன்னர் மக்கள் பயன்படுத்திய காடுகளையும் அரசுக்குரியவை என்று அறிவித்தார்கள். மக்களுக்காக மனுக்கொடுக்க முனைந்த ஹன்ஸோ பதவி இழந்தான். பின்னர் டோக்கியோவில், பேரரசரின் வண்டி செல்லும்போது தன் கவிதையை எழுதிய விசிறியை அதை நோக்கி எறிந்து கைதானான். இறுதியில் சித்தம் கலங்கி, தன் முன்னோரே நிறுவிய ஊர்க் கோயிலுக்குத் தீ வைக்கப்போய், மரக் கூண்டொன்றில் அடைக்கப்பட்டு இறந்தான். டோசொனின் தந்தையார் இறந்ததும் அவ்வாறே, 1886ஆம் ஆண்டு நவம்பரில். அப்போது மகனுக்கு வயது 14. அவர் டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்தார்.

தந்தையின் பித்தத்தைப் புரிந்துகொள்ள மகனுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளும், இரண்டு பெரும் பாகங்களும் தேவைப்பட்டன. நாவல் சில இடங்களில் வரலாற்று நூல் போலக் கனக்கின்றது. கதை நின்றுவிடுகின்றதே என்று வாசகர் அலுத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் ஒரு மனிதனின் மனம் உடைந்ததற்குக் காரணம் அவனுள்ளே மட்டும் இல்லை, அவன் வாசலால் சென்ற பாதையிலும் இருக்கின்றது என்று காட்ட அந்தக் கனம் தேவைப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

நிற்க. இன்று இந்தப் பாதை அமைதியாக இருக்கின்றது என்றோம். அந்த அமைதி எப்போது வந்தது? 1911ஆம் ஆண்டு கிஸோ ஆற்றின் ஓரமாகப் புகையிரதப் பாதை முழுமையடைந்தது. மாகொமேயும் ட்சுமாகொவும் அதற்கு வெளியே விடப்பட்டன. பயணிகள் இல்லை; சுமைகாரர் இல்லை; கூலியும் இல்லை. 1895இலும் 1915இலும் மாகொமேயைத் தீ அழித்தது. டோசொன் பிறந்த இல்லமும் முதலாவது தீயில் அழிந்தது. இளைஞர்கள் நகரங்களை நாடினார்கள். ட்சுமாகொவில் வீடுகள் பாழடைந்தன. வெளியூரார் அமைதி என்று சொல்வது ஊராருக்கு அன்று வறுமையாக இருந்தது.

அந்த வறுமையை வேறொன்றாக மாற்றியது ஊராரின் ஒரு தீர்மானம். 1968ஆம் ஆண்டு ட்சுமாகொவின் பழைய வீடுகளைப் பேணும் பணி தொடங்கிற்று. 1971இல் ஊர்மக்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வீட்டையும் நிலத்தையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்பதே அதன் சாரம். 1976இல் யப்பானிய அரசு முதன்முதலாகப் பாதுகாப்புக்குரியவை எனத் தெரிவுசெய்த பழைய குடியிருப்புகளுள் ட்சுமாகொவும் ஒன்றாயிற்று. அங்கே ஒரு பெரிய இல்லம் உண்டு. ஹொன்ஜினுக்கு அடுத்த நிலையிலுள்ள விருந்தினர் இல்லம். ஹினோக்கித் தடை நீங்கியபின், 1877இல், அந்த மரத்தாலேயே அது புதிதாகக் கட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தொடமுடியாதிருந்த மரத்தைத் தொட்டுக் கட்டிய வீடு அது.

இப்படிப் பேணப்பட்ட ஊர் வெறும் காட்சிப்பொருள்தானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்கம்பிகளை மறைத்து, பகலில் வாகனங்களை நிறுத்தி, உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் ஊரில் பழைமை ஓரளவு நடிப்பாகவும் ஆகிவிடக்கூடும். ஆனால் விற்பதில்லை என்று கையொப்பமிட்டவர்கள் இழந்தது நடிப்பல்ல. நல்ல விலை வந்தபோதும் மறுத்துவிடவேண்டும் என்பது அதன் பொருள். பாதை இன்று நடப்பதற்கு இருக்கின்றதென்றால், அந்த மறுப்பு அதற்கொரு காரணம். 2005ஆம் ஆண்டு நிர்வாக எல்லைகள் மாறியபோது மாகொமே நகானோ மாகாணத்திலிருந்து கிஃபு மாகாணத்துக்குச் சென்றது. டோசொன் எந்த மாகாணத்து எழுத்தாளர் என்ற விவாதம் எழுந்தது. கணவாய் இப்போது இரண்டு மாகாணங்களின் எல்லை. எல்லை மாறினாலும் இரண்டு ஊர்களையும் பாதை இன்னும் இணைத்தே நிற்கின்றது.

மலைக்கு நடக்கப் போகிறவன் அழகை அனுபவித்துவிட்டு வரட்டுமே, பழைய துயரங்களையும் ஏன் அவன் முதுகில் ஏற்றவேண்டும் என்று நேயர்களில் யாரேனும் எண்ணலாம். பாஷோவின் துறவியை இங்கே நினைத்துப்பாருங்கள். முதியவரின் சுமையைச் சிறிது வாங்கிக்கொண்டதால் பாஷோவின் நிலவு மங்கிவிடவில்லை. மூச்சுவாங்க நடந்த ஒருவரைக் கண்ட கண்தான் ஓபசுதே மலையில் முழுமதியையும் கண்டது. ஒரு பாதையில் முன்னர் நடந்தவர்களை அறிவது சுமை போலத் தோன்றும். உண்மையில் அது துணை. தனியாக நடப்பவனும் அப்போது தனியாக இருப்பதில்லை.

ஒரு நாவலைப் படிப்பதும் ஒரு மலைப்பாதையில் நடப்பதும் வேகத்துக்கு உடன்படாத காரியங்கள். குறுக்குவழி உண்டு, ஆனால் குறுக்குவழியில் போனவருக்குக் கணவாய் கிடைப்பதில்லை. வாய்ப்புள்ள நேயர்கள் 'விடியலுக்கு முன்' நாவலைத் தேடிப் படியுங்கள். அவசரமின்றி, நாளுக்குச் சில பக்கமாக, சுமைகாரன் நடக்கும் நடையிலேயே படியுங்கள்.